கலப்படமும் சேர்க்கையும்: மெக்னீசியம் கார்பனேட்டின் உணவு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மெக்னீசியம் கார்பனேட் 18ஆம் நூற்றாண்டில் வயிற்றுப் புளிப்பிற்கான மருந்தாகவும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெட்ட மாவைத் திருத்தும் பொருளாகவும், 20ஆம் நூற்றாண்டில் உப்பு கட்டியாகாமல் காக்கும் பொருளாகவும் பயன்பட்டது. இம்மூன்று நிலைகளிலும் பொருள் மாறவில்லை. அதனைச் சமூகமும் சட்டமும் நோக்கிய முறையே மாறியது. ஓர் உணவில் வெளியிலிருந்து சேரும் பொருள் எப்போது கலப்படமாகிறது, எப்போது ஏற்கத்தக்க சேர்க்கையாகிறது என்னும் வினாவை இவ்வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. பொருளின் வேதி இயல்பு மட்டும் இவ்வேறுபாட்டைத் தீர்மானிப்பதில்லை. நோக்கம், அளவு, அறிவிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மெக்னீசியம் கார்பனேட், உணவுச் சேர்க்கை, கலப்படம், கட்டித்தடுப்பான், உப்பு, ரொட்டி, உணவுச் சட்டம்

முன்னுரை

உணவுப் பொருளின் உறையில் அச்சிடப்படும் எண்களைக் கண்டு ஐயுறும் வழக்கம் இன்று பரவலாகியுள்ளது. தமிழில் உணவு குறித்து எழுதுவோர் பலரும் கலப்படம் என்ற சொல்லையும் சேர்க்கை என்ற சொல்லையும் ஏறத்தாழ ஒரே பொருளில் ஆள்கின்றனர். மிளகில் பப்பாளி விதையைக் கலப்பதும் தூள் உப்பில் கட்டித்தடுப்பான் சேர்ப்பதும் ஒரே பட்டியலில் இடம்பெறுகின்றன. இவ்வாறு ஒன்றாகக் கருதுவதால் இரண்டு தீங்குகள் விளைகின்றன. உண்மையான ஏமாற்று, பொதுவான அச்சத்தில் மறைந்துபோகிறது. சட்டம் ஏற்ற சேர்க்கைகளின் மீது எழுப்பவேண்டிய நியாயமான வினாக்களும் எழுப்பப்படாமல் போகின்றன.

இவ்விரு கருத்துகளும் எவ்வாறு பிரிந்தன என்பதை அறிய, நீண்ட வரலாறுடைய ஒரே பொருளைப் பின்தொடர்வது பயன்தரும். மெக்னீசியம் கார்பனேட் அதற்கு ஏற்றது. பன்னாட்டு உணவுச் சேர்க்கைப் பட்டியலில் 504 என்னும் எண்ணைப் பெற்ற இது வெண்ணிறமானது, மணமற்றது, நீரில் மிக அரிதாகவே கரைவது. கட்டித்தடுப்பான், அமிலத்தன்மை சீராக்கி முதலிய பணிகளுக்காக இன்று ஏற்கப்பட்டுள்ளது. நஞ்சென்று பெரிதாகப் பழிக்கப்படாத பொருள் என்பதே ஆய்வு நோக்கில் இதன் சிறப்பு. நஞ்சு என்ற காரணம் இடையில் வந்து முடிவை எளிதாக்கிவிடாத நிலையில், கலப்படம் என்ற கருத்தின் பிற கூறுகள் தெளிவாகப் புலப்படுகின்றன.

1. மருந்துப் பொருளாக

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோம் நகரில் ஒரு வெண்தூள் இரகசிய மருந்தாக விற்கப்பட்டது. செர்மானிய மருத்துவர் மிக்கேல் பெர்னார்ட் வாலண்டினி 1707இல் அதன் செய்முறையை வெளிப்படுத்தினார். வெடியுப்பு படிந்தபின் எஞ்சும் நீரிலிருந்து அது பெறப்பட்டது. வெண்மெக்னீசியா என்ற பெயரில் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் பரவிய இத்தூளைச் சுண்ணாம்பின் ஒரு வகையாகவே பலர் கருதினர். பிரீட்ரிக் ஹாஃப்மன் 1722இல் இவ்விரண்டும் வேறு வேறு எனக் காட்டினார்.

இப்பொருளை அறிவியலின் மையத்திற்குக் கொண்டுவந்தவர் ஜோசப் பிளாக். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1754இல் அவர் அளித்த மருத்துவப் பட்ட ஆய்வேட்டின் தலைப்பு, உணவிலிருந்து தோன்றும் அமில நீரையும் வெண்மெக்னீசியாவையும் இணைத்துப் பேசுவது. சிறுநீர்ப்பைக் கல்லைக் கரைக்கும் மருந்தைத் தேடிய அவர், சுண்ணாம்பு நீர் குறித்துத் தம் ஆசிரியர்களிடையே நிலவிய பூசலில் சிக்காதிருக்க மெக்னீசியாவை எடுத்துக்கொண்டார். எப்சம் உப்பின் கரைசலில் சாம்பற்காரத்தைச் சேர்த்து, படியும் வெண்தூளைக் கழுவி உலர்த்தி அவர் மெக்னீசியாவைப் பெற்றார்.

இதனைச் சூடாக்கியபோது எடை பாதிக்கு மேல் குறைந்தது. குறைந்த எடைக்குக் காரணம், தூளில் பிணைந்திருந்து வெப்பத்தால் வெளியேறிய ஒரு காற்றே எனப் பிளாக் காட்டினார். 1756இல் விரிவாக வெளிவந்த இவ்வாய்வு நிலைத்த காற்று என்ற கருத்தை நிறுவியது. பின்னர் கார்பன் டை ஆக்சைடு என அறியப்பட்டது இதுவே. வளிகளைப் பற்றிய வேதியியலின் தொடக்கங்களுள் ஒன்று, வயிற்றுப் புளிப்பிற்கான ஓர் எளிய மருந்திலிருந்து பிறந்தது.

உணவு வரலாற்றிற்கு இதில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, மெக்னீசியம் கார்பனேட் அமிலத்தோடு சேரும்போது அதன் புளிப்பைப் போக்கிக் காற்றை வெளியிடும் என்பது உறுதியாயிற்று. மாவில் அதன் பிற்காலப் பயனுக்கு இந்த இயல்பே அடிப்படை. இரண்டாவது, குழந்தைகளுக்கும் கொடுக்கத்தக்க மென்மையான மருந்து என்ற பெயர் அதற்கு வாய்த்தது. உணவிற்குள் நுழைவதற்கு முன்பே நம்பகத்தன்மையை அது மருந்துக் கடையில் ஈட்டிவிட்டது.

2. ரொட்டி மாவில்: 1816ஆம் ஆண்டின் பஞ்சமும் கார்க் நகர ஆய்வும்

இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815 ஏப்ரலில் வெடித்தது. அதன் விளைவாக மறு ஆண்டில் மேற்கு ஐரோப்பாவில் கோடையே இல்லாத நிலை ஏற்பட்டது. அயர்லாந்தில் இடைவிடாது மழை பெய்தது. அறுவடைக்குக் காத்திருந்த கோதுமை கதிரிலேயே முளைவிட்டது. அத்தகைய கோதுமையை அரைத்த மாவில் செய்த ரொட்டி எழும்பாது. உள்ளே பிசுபிசுத்துக் கனத்துக் கிடக்கும். முளைவிட்ட தானியத்தில் மாப்பொருளைச் சிதைக்கும் நொதிகள் மிகுதியாவதே காரணம் என்பதை இன்று அறிவோம். அன்று கண்முன் நின்றது, வாங்கிய மாவை உண்ணத்தக்கதாக ஆக்கமுடியாத ஏழைகளின் நிலை மட்டுமே.

இச்சூழலில் கார்க் நகரக் கல்வி நிறுவனத்தின் வேதியியல் பேராசிரியர் எட்மண்ட் டேவி ஆய்வுகளை மேற்கொண்டார். இவர் ஹம்ஃப்ரி டேவியின் உறவினர். பின்னர் அசிட்டிலீன் வளியைக் கண்டறிந்தவர். தரம் குறைந்த புதுமாவில் ஒரு பவுண்டிற்கு 20 முதல் 40 கிரெயின் வரை மெக்னீசியம் கார்பனேட்டை நன்கு கலந்தால் ரொட்டி எழும்பி, இலேசாகி, சுவையும் திருந்தி, கெடாமல் இருக்கும் என அவர் கண்டார். மிக மோசமான மாவிற்கே 40 கிரெயின் தேவைப்பட்டது. இன்றைய அளவையில் இது ஏறத்தாழ 450 கிராம் மாவிற்கு 1.3 முதல் 2.6 கிராம் வரை. அதாவது நூற்றுக்கு 0.3 முதல் 0.6 பங்கு. மாவைப் பிசைவதற்கு முன்பே தூளைச் சீராகக் கலக்கவேண்டும் என்பதும் அவரது அறிவுரை.

இச்செய்தியை உலகறியச் செய்தவர் இலண்டனில் வாழ்ந்த செர்மானிய வேதியியலார் பிரெடரிக் அக்கும். உணவுக் கலப்படங்களையும் சமையல் நஞ்சுகளையும் பற்றி 1820இல் அவர் வெளியிட்ட நூல், ரொட்டியில் படிகாரம், மிட்டாயில் நஞ்சு நிறங்கள் எனப் பல ஏமாற்றுகளை அம்பலப்படுத்தியது. அந்நூலில் ரொட்டிக் கலப்படத்தைப் பேசும் இடத்திலேயே டேவியின் மெக்னீசியா ஆய்வும் இடம்பெறுகிறது. ஆனால் அது கண்டிக்கப்படவில்லை; பயனுள்ள முறையாகவே எடுத்துரைக்கப்படுகிறது.

இவ்விடம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. படிகாரமும் மெக்னீசியம் கார்பனேட்டும் வெண்தூள்கள். இரண்டும் தரம் குறைந்த மாவைத் தரமான மாவைப் போலத் தோன்றச் செய்தன. ஒன்று குற்றமாகவும் மற்றொன்று உதவியாகவும் கருதப்பட்டது ஏன்? தீங்கின்மை ஒரு காரணம். படிகாரத்தின் மீதான ஐயம் நீண்டகாலம் நீடித்தது. காலரா ஆய்வால் புகழ்பெற்ற ஜான் சுனோ, குழந்தைகளின் எலும்பு வளைவு நோய்க்கு ரொட்டியிலுள்ள படிகாரம் காரணமாகலாம் என 1857இல் எழுதினார். மெக்னீசியாவோ மருந்தாகப் பழகியது.

எனினும் தீங்கின்மை முழு விடையாகாது. படிகாரத்தை ரொட்டி சுடுவோர் மறைவாகச் சேர்த்தனர். மலிந்த மாவை உயர்ந்த மாவின் விலைக்கு விற்பது அவர்கள் நோக்கம். டேவியின் முறையோ அச்சிட்டு அறிவிக்கப்பட்டது, அளவு சொல்லப்பட்டது, தம் மாவைத் தாமே பிசைந்து ரொட்டி சுடும் குடும்பங்களும் கையாளத்தக்கதாக இருந்தது. இதனையே ஒரு வணிகர் வாங்குவோருக்குச் சொல்லாமல் செய்திருந்தால், முளைவிட்ட கோதுமையின் குறையை மறைத்த ஏமாற்றாகவே அது முடிந்திருக்கும். ஒரே தூள், ஒரே மாவு, ஒரே அளவு. செய்வோரின் நோக்கமும் அறிவிப்பும் மாறினால் செயலின் பெயரும் மாறிவிடுகிறது.

3. சட்டம் வகுத்த எல்லை

பிரிட்டனில் 1875இல் இயற்றப்பட்ட உணவு, மருந்து விற்பனைச் சட்டம் இவ்வேறுபாட்டிற்குச் சட்ட வடிவம் தந்தது. வாங்குவோர் கேட்ட இயல்பும் பொருளும் தரமும் இல்லாத உணவை அவருக்குக் கேடாக விற்பது குற்றம் என அதன் 6ஆம் பிரிவு கூறியது. அதே பிரிவு ஒரு விலக்கையும் அளித்தது. உடல்நலத்திற்குத் தீங்கற்ற ஒரு பொருள், உணவை வணிகப் பண்டமாக ஆக்கவோ, எடுத்துச் செல்லவும் உண்ணவும் ஏற்ற நிலையில் வைக்கவோ தேவைப்படுவதால் சேர்க்கப்பட்டால் அது குற்றமாகாது. ஆனால் எடையையோ அளவையோ ஏமாற்றாகக் கூட்டவும், தரக்குறைவை மறைக்கவும் அதனைச் சேர்த்தல் கூடாது.

இவ்விலக்கின் சொற்களை மெக்னீசியம் கார்பனேட்டின் இரு பயன்களோடு பொருத்திப் பார்ப்பது தெளிவு தரும். முளைவிட்ட கோதுமை மாவில் சேர்க்கும்போது, தரக்குறைவை மறைத்தல் என்னும் தடைக்குள் அது வரக்கூடும். நல்ல உப்பில் சேர்க்கும்போது, எடுத்துச் செல்ல ஏற்ற நிலையில் வைத்தல் என்னும் விலக்கிற்குள் அது அடங்கும். பிற்காலத்தில் இப்பொருளின் பெயர் மாவைவிட உப்போடு மிகுதியாக இணைந்ததற்கு இந்தச் சட்டப் பொருத்தமும் துணைநின்றிருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

4. உப்பில்: ஈரத்திற்கு எதிரான தூள்

தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கடல்நீரிலிருந்து விளையும் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் சிறிதளவு ஒட்டியிருக்கும். பாத்தியில் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மிகுந்திருப்பது இதுவே. இது நூற்றுக்கு 33 என்ற குறைந்த ஈரப்பதத்திலேயே நீர்த்துவிடும். எனவே கழுவாத கடலுப்பு எளிதில் கசிகிறது. ஈரம் மாறி உலரும்போது உப்புத்துகள்களுக்கிடையே கரைசல் படிகமாகி அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கிறது. உப்பு கட்டியாவது இவ்வாறே.

மெக்னீசியத்தின் ஒரு சேர்மம் உப்பைக் கசியச் செய்ய, அதே தனிமத்தின் மற்றொரு சேர்மம் கசிவைத் தடுக்கிறது. நுண்ணிய மெக்னீசியம் கார்பனேட் தூள் உப்புத்துகளின் மேற்பரப்பில் படிந்து, சிறிதளவு ஈரத்தைத் தான் ஏற்றுக்கொண்டு, துகள்கள் நேரடியாக ஒட்டாமல் விலக்கி வைக்கிறது.

சிகாகோவின் மார்ட்டன் உப்பு நிறுவனம் 1911இல் தன் உணவு உப்பில் இப்பொருளைச் சேர்க்கத் தொடங்கியது. 1914இல் குடை பிடித்த சிறுமியின் படத்தையும் ஒரு விளம்பரத் தொடரையும் அது வெளியிட்டது. துன்பம் வந்தால் தனியே வராது, கொட்டித் தீர்க்கும் என்னும் கருத்துடைய ஆங்கிலப் பழமொழியைத் திருப்பிப் போட்டு, மழை பெய்யும்போதும் இவ்வுப்பு தாராளமாகக் கொட்டும் என்று அத்தொடர் கூறியது. மழையில் நடக்கும் சிறுமியின் கைக்கடியில் இருக்கும் பெட்டியிலிருந்து உப்பு சிந்திக்கொண்டே வரும் காட்சி, எழுத்தறியாதவருக்கும் செய்தியைச் சொன்னது.

சேர்க்கை வரலாற்றில் இது ஒரு திருப்பம். கார்க் நகரில் சேர்பொருளின் பெயரும் அளவும் மக்களுக்குச் சொல்லப்பட்டன. சிகாகோவில் விளம்பரம் முன்னிறுத்தியது அதன் பயனை மட்டுமே. மறைக்கவேண்டிய பொருளாக இருந்த அயல்தூள், கூடுதல் விலைக்கு உரிய சிறப்பாயிற்று. ஆனால் வாங்குவோரின் நினைவில் நின்றது சிறுமியும் குடையும். மெக்னீசியம் கார்பனேட் என்னும் பெயர் நிற்கவில்லை. அறிவிப்பு என்பது விளம்பரத்திலிருந்து வேறுபட்டது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. உப்பு கட்டியாவது ஒரு குறை என்னும் எண்ணமே புதிய பயன்பாட்டு முறையோடு வந்தது. பெரிய கல்லுப்பைப் பீங்கான் சாடியிலோ மண்கலத்திலோ இட்டு, கையால் அள்ளிக் குழம்பிலிடும் அடுக்களைக்கு உப்பின் கசிவு பருவத்தின் இயல்பு மட்டுமே. துளையிட்ட சிமிழிலிருந்து உணவின் மீது தூவும் மேசைக்கு அது பெருங்குறை. நுண்தூளாக அரைத்தல், அட்டைப் பெட்டியில் அடைத்தல், தொலைதூர விற்பனை ஆகியவை சேர்ந்து இத்தேவையை உருவாக்கின. எனவே தேவைப்படுவதால் சேர்க்கப்பட்டது என்ற சட்டத்தின் சொல்லை வரலாற்றாய்வாளர் அப்படியே ஏற்கமுடியாது. யாருடைய தேவை என்ற வினாவும் உடன் எழவேண்டும்.

ஆயினும் அத்தேவையை வணிகரின் தேவை என்று மட்டும் சுருக்குவதும் பொருந்தாது. அமெரிக்காவில் முன்கழுத்துக் கழலை நோயைத் தடுக்க 1924இல் அயோடின் சேர்த்த உப்பு விற்பனைக்கு வந்தது. அதில் பயன்பட்ட அயோடைடு, ஈரமும் அமிலத்தன்மையும் உள்ள உப்பில் நிலைப்பதில்லை. சற்றே காரத்தன்மையுடைய உலர்ந்த உப்பில் நிலைக்கிறது. இந்தியா போன்ற வெப்பநாடுகளில் அயோடைடைவிட நிலைத்த அயோடேட்டைப் பயன்படுத்துவதற்கும் ஈரமே முதன்மைக் காரணம். ஒரு வசதிக்காக வந்த உலர்ந்த தூள் உப்பு, பொதுநல ஊட்டத்திற்கு ஏற்ற ஊடகமாகவும் அமைந்தது.

மெக்னீசியம் கார்பனேட் உப்பில் நிலையான தனியிடத்தைப் பெறவில்லை. நீரில் கரையாமையால் அது கரைசலைக் கலங்கச் செய்யும். ஊறுகாய்க்கெனக் கட்டித்தடுப்பான் சேர்க்காத உப்பை மேலைநாடுகளில் தனியே விற்பதற்கு இத்தகைய கலங்கலும் ஒரு காரணம். மார்ட்டன் நிறுவனமும் பின்னர் கால்சியம் சிலிகேட்டிற்கு மாறியது. கோகோவின் புளிப்பைக் குறைக்கும் காரப்பொருள்களுள் ஒன்றாகவும், மாவை வெளுக்கும் பொருளோடு சேர்க்கும் நிரப்பியாகவும் மெக்னீசியம் கார்பனேட் அமெரிக்க விதிகளில் ஏற்கப்பட்டுள்ளது. அந்நாட்டின் 1958ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், புதிய சேர்க்கையின் தீங்கின்மையை நிறுவும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தியது. பொதுவாகப் பாதுகாப்பானவை என ஏற்கப்பட்ட பொருள்களுக்கு விலக்கு அளித்தது. மெக்னீசியம் கார்பனேட் அவ்விலக்கில் இடம்பெற்றது.

5. இந்தியச் சட்டமும் தமிழ்ச் சூழலும்

சென்னை மாகாணத்தில் 1918இல் கலப்படத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. அதன்கீழ் அமைந்த 1955ஆம் ஆண்டு விதிகள், மேசை உப்பு, வெங்காயத்தூள், பூண்டுத்தூள் முதலியவற்றில் கால்சியம், மெக்னீசியம் கார்பனேட்டுகள் உள்ளிட்ட கட்டித்தடுப்பான்களைத் தனித்தோ சேர்த்தோ நூற்றுக்கு 2 பங்கிற்கு மிகாமல் ஏற்றன. கலப்படத்தைத் தடுக்கும் சட்டத்தின் விதிகளே சேர்க்கைக்கு அளவு குறித்தன என்பது நோக்கத்தக்கது.

2006இல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்து முந்தைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. சட்டத்தின் பெயரிலிருந்து கலப்படம் என்ற சொல் நீங்கிப் பாதுகாப்பு என்ற சொல் வந்தது. இது பெயர் மாற்றம் மட்டுமன்று. விற்பவர் ஏமாற்றுகிறாரா என்ற வினாவிலிருந்து, உணவு பாதுகாப்பானதா என்ற வினாவிற்கு அழுத்தம் நகர்ந்துள்ளது. நோக்கத்தை ஆராய்ந்த பழைய சட்டமரபு, அளவையும் எண்ணையும் ஆராயும் மரபாக மாறிவருகிறது. உறையில் வகைப்பெயரும் எண்ணும் அச்சிடப்பட்டாலும், அவ்வெண் எப்பொருளைக் குறிக்கிறது என்பது பெரும்பாலான வாங்குவோருக்குத் தெரியாது. கார்க் நகரக் குடும்பங்களுக்குத் தெரிந்திருந்த பெயர், இரு நூற்றாண்டுகளுக்குப் பின் எண்ணாகச் சுருங்கிவிட்டது.

தமிழகத்திற்கும் இச்சேர்மத்திற்கும் உள்ள மற்றொரு தொடர்பையும் இங்குத் தெளிவுபடுத்துதல் வேண்டும். சேலம் நகரை ஒட்டிய குன்றுகளில் கிடைக்கும் மாக்னசைட் என்னும் வெள்ளைக்கல், இயற்கையில் அமைந்த மெக்னீசியம் கார்பனேட்டே. ஆனால் அது பெரும்பாலும் உலைகளுக்கான வெப்பந்தாங்கும் செங்கற்களுக்குப் பயன்படுகிறது. உணவில் சேர்ப்பதோ கரைசலிலிருந்து படியவைத்துத் தூய்மையாக்கப்பெறும் தூள். உப்பில் கல்லை அரைத்துச் சேர்க்கிறார்கள் என்னும் வகையான கூற்று, வேதிப்பெயரின் ஒற்றுமையைச் செய்முறையின் ஒற்றுமையாகக் கொள்வதால் பிறக்கும் பிழையாகும்.

முடிவுரை

மெக்னீசியம் கார்பனேட்டின் வரலாறு மூன்று செய்திகளைத் தருகிறது. முதலாவதாக, கலப்படமும் சேர்க்கையும் பொருளின் இரு வகைகள் அல்ல. ஒரே பொருளின் மீது நிகழும் இரு வேறு செயல்கள். இரண்டாவதாக, இவற்றைப் பிரிக்கும் அளவுகோல்களான நோக்கம், அளவு, அறிவிப்பு ஆகியவற்றுள் ஒன்று நிறைவேறியதால் மற்றவை நிறைவேறியதாகாது. நூற்றுக்கு 2 பங்கு என்ற வரம்புக்குள் நிற்பது அளவை நிறைவேற்றும். தரக்குறைவை மறைக்கும் நோக்கத்தை அது நியாயப்படுத்தாது. மூன்றாவதாக, தேவை என்ற சொல்லுக்கும் வரலாறு உண்டு. பஞ்சத்தில் மாவைக் காப்பாற்றிய தேவையும், மேசையில் உப்பைச் சிதறச் செய்யும் தேவையும் ஒரே தரத்தன அல்ல.

இவ்வடிப்படையில், தமிழில் உணவு வரலாறு எழுதுவோர் கலப்படம் என்ற சொல்லை ஏமாற்று நோக்கமுடைய செயலுக்கு மட்டும் உரியதாக்கி, சேர்க்கை என்ற சொல்லை நோக்கமும் அளவும் அறிவிக்கப்பட்ட செயலுக்கு வரையறுத்து ஆளுதல் நன்று. அறிவிக்கப்படாத சேர்க்கையை எப்பெயரால் அழைப்பது என்ற வினா அப்போது தெளிவாக எழும். எண்ணால் மட்டும் அறிவிப்பது உண்மையில் அறிவிப்பாகுமா என்பதும் அதனுள் அடங்கும். உறையில் சேர்க்கைப் பொருளின் பெயரைத் தமிழில் அச்சிடவேண்டும் என்னும் கோரிக்கைக்கு அச்சத்தைவிட இவ்வரலாறே வலுவான அடிப்படையாகும்.